பல்வலி எப்படி இருக்கிறது?

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

நானும் குட்டியும் நலம். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போகிற நீ நலமா? உன் முழங்கால் நலமா?

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, யாரும் சாகவில்லை. எழுத்து கோணலாக இருக்கும். குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது, இடது கையால் எழுதுகிறேன்.

போனில் எழுத முடியவில்லை. அதனால்தான் தாளும் தபாலும். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் என் போனைக் கேட்டு வாங்கி, பகலெல்லாம் நான் யாருக்கு என்ன எழுதினேன் என்று சத்தமாகப் படிக்கிறார். சும்மா படிப்பதில்லை. என் குரல் மாதிரி குரலை மெலிசாக்கி, தலையை ஆட்டி நடித்துப் படிக்கிறார். குட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஆறு வயசுக்கு அது அப்பா காட்டுகிற வேடிக்கை. "அண்ணா, எனக்கு இங்க மூச்சு முட்டுது" என்று உனக்கு அனுப்பியிருந்தேன் அல்லவா, அதை மூன்று விதமாகப் படித்துக் காட்டினார். மூன்றாவது தடவை நானே சிரித்து வைத்தேன். சிரிக்காவிட்டால் சாப்பாடு முடியாது.

இனி இங்கே என்னால் இருக்க முடியாது. குட்டியைக் கூட்டிக்கொண்டு உன்னிடம் வந்துவிட வேண்டும். நான் அங்கே வந்து சேர்ந்த பிறகுதான் அது அவருக்குத் தெரிய வேண்டும். முன்னால் தெரிந்தால் குட்டியை என் கண்ணில் காட்டமாட்டார்.

கடிதம் போக மூன்று வாரம், பதில் வர மூன்று வாரம். இந்த வேகத்தில் திட்டம் போட்டால் குட்டிக்குக் கல்யாண வயசு வந்துவிடும். யாரும் படிக்க முடியாதபடி போனில் பேச வழி இருக்கிறதா? பதிலை நான் வேலை பார்க்கும் லாண்டரி விலாசத்துக்கு எழுது. முதலாளியம்மா அடுத்தவர் சட்டைப் பையைக்கூட என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். கடிதத்தைப் பிரிக்கமாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் வாலு


பிப்ரவரி 2

என் அருமை வாலு,

நான் நலம். முழங்காலும் வழக்கம்போல் முனகிக்கொண்டு நலம். உன் கை எப்படி இருக்கிறது? வழுக்கியதுதானே? உண்மையைச் சொல்.

மாப்பிள்ளை நடித்துக் காட்டியதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பத்தாவது மாடியில் ஸ்பேனரைத் தவறவிட்டேன். நல்லவேளை, கீழே ஆளில்லை.

என் அறையில் கூட இருப்பவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, ஃப்ரிட்ஜில் தன் தயிருக்குக்கூடப் பூட்டுப் போடுகிறவர். நாங்கள் பூட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் வேலை. யாருக்கு என்று சொல்லாமல் அவரிடம் கேட்டேன். மனுஷன் சாமி வந்தவர் மாதிரி ஆடிவிட்டார். "எல்லாரும் வெச்சிருக்காங்களேன்னு ஒரு ஆப்பை வெச்சுக்கறதா? அதை நடத்தறவன் வீட்டுக்கு வாடகைக்குப் போற மாதிரி அது. சாவி அவன்கிட்டயும் ஒண்ணு இருக்கும்" என்றார். சிலவற்றில் பேச்சு பத்திரமாம், ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்று குறித்துவைப்பார்களாம். சிலவற்றுக்கு நம் போன் நம்பரைக் கொடுக்க வேண்டுமாம். அவர் கைகாட்டுவது வேறொன்று. நம்பர் வேண்டாம், பேர் வேண்டாம். அதன் உள்வேலை முழுவதையும் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று திறந்து போட்டிருக்கிறார்களாம்.

இது சரிப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்? குட்டிக்கு ஒரு முத்தம்.

அண்ணன்


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணா,

நலம். நலம்தானே? குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது, பேசினால் காற்று வருகிறது.

உள்ளே இருப்பதை ஊருக்கே திறந்து காட்டுகிற பெட்டியில் ரகசியத்தை வைக்கச் சொல்கிறாயே, இது எந்த ஊர் நியாயம்? பூட்டுக்காரர் தயிருக்குப் பூட்டுப் போடுகிறவர் என்பதால் நம்புகிறேன். ஆனால் எனக்கு இரண்டு சந்தேகம் இருக்கிறது.

முதலாவது, புதிதாக ஒரு ஆப் போனில் முளைத்தால் அவர் கண்ணில் படாதா? என் போனில் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இரண்டாவதுதான் பெரிசு. உலகத்தில் எவனும் உடைக்க முடியாத பூட்டாகவே இருக்கட்டும். திறந்து காட்டு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் நான் என்ன செய்வேன்? நேற்று ஒரு கோட்டுப் பையில் பெண்கள் போடும் மோதிரம் கிடைத்தது. தேடி வந்தவர் மனைவியோடு வந்தார். முதலாளியம்மா மோதிரத்தைத் தரும்போது அந்த மனைவியின் முகத்தைப் பார்த்தேன், அது அவளுடையது இல்லை. பையில் பூட்டு இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது அண்ணா.

யோசித்து எழுது. இப்போது வலது கையால்தான் எழுதுகிறேன், பார்த்தாயா, எழுத்து குண்டு குண்டாக இருக்கிறது.

உன் வாலு


மார்ச் 18

என் அருமை வாலு,

நலம். எழுத்து குண்டாக இருக்கிறது, சந்தோஷம். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. சரி.

திறந்த பெட்டி விஷயத்தை நானே சொல்கிறேன். லிஃப்ட் மோட்டார் அறையைத் திறந்துவிட்டு "வந்து பாரு, கயிறு தேஞ்சிருக்கா பாரு" என்கிறவனை நம்பலாம். கதவைப் பூட்டிக்கொண்டு "எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்கிறவன் லிஃப்டில் நான் ஏறமாட்டேன். அதே கதைதான் இது. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறார்களாம்.

உன் முதல் சந்தேகத்துக்கு மருந்து இருக்கிறது. அந்த ஆப்பின் படத்தைக் கால்குலேட்டர் படமாக மாற்றிவைக்கலாம். கால்குலேட்டரை எவன் சந்தேகப்படுவான்? பேசியதெல்லாம் ஒரு நாளில் தானாக மறைந்துவிடும்படியும் வைத்துவிடலாம். எப்படி என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். படித்ததும் லாண்டரி அடுப்பில் போட்டுவிடு.

இரண்டாவது சந்தேகத்தைப் பூட்டுக்காரரிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். அதற்கு ஆப் இல்லை என்றார். அதனால் நாமே ஒன்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டில் யார் யாருக்கு எழுதினாலும் முழங்கால், முதுகு, சர்க்கரை எல்லாம் விசாரிப்போம். என் பல்லை மட்டும் யாரும் விசாரித்ததில்லை. எனக்கு வாழ்நாளில் பல் வலித்ததில்லை, இரும்புப் பல். ஆகவே நீ என்றைக்காவது "பல்வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால், அவர் படிக்கிறார், வாயைத் திறக்காதே என்று அர்த்தம். நானும் வானிலை பேசி நிறுத்திவிடுவேன். விசாரிப்புதானே, பக்கத்தில் உட்கார்ந்து படித்தாலும் யாருக்கும் உறைக்காது.

இனி தாளும் தபாலும் வேண்டாம்.

அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணா,

நலம், நலம், நலம். இன்று காலை லாண்டரிப் பின்கட்டில் நின்று உன்னோடு பேசினேனே, அதற்கப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். சொல்ல ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் எழுதியதை இன்று சாப்பாட்டு மேஜையில் யாரும் படிக்கவில்லை. குட்டி, "அப்பா, இன்னிக்கு அம்மா மாதிரி பேசலையா?" என்று கேட்டாள். "உங்கம்மா இன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் எழுதலையே" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பல வருஷம் கழித்து வந்த சொந்தச் சிரிப்பு.

பூட்டுக்காரருக்கு என் வணக்கம். அவர் தயிர் என்றும் கெடாமல் இருக்கட்டும்.

உன் வாலு


ஜூலை 8

என் அருமை வாலு,

நலமா? குட்டி நலமா? பத்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் மறுபடி தாளை எடுத்தேன்.

போன் கெட்டுவிட்டதா? நான் அனுப்பியதை எல்லாம் படித்தாயா என்றுகூடத் தெரியவில்லை. நினைவிருக்கட்டும் என்று ஒரே மூச்சில் எழுதி அனுப்பினேன். மாப்பிள்ளை பயிற்சிக்குப் போகிற வாரத்தின் செவ்வாய்க்கிழமை, மதியம் விமானம். பாஸ்போர்ட் இரண்டும் அவர் அலமாரியின் மேல்தட்டில் இருப்பதாக நீ சொன்னதையும் மறக்காதே என்று எழுதினேன். புது வீட்டு விலாசம், குட்டிக்குப் பார்த்திருக்கிற பள்ளி, உனக்காகப் பேசிவைத்திருக்கிற லாண்டரி, எல்லாம் எழுதினேன். இரண்டு அறை வீடு. உங்கள் அறை ஜன்னல் மேற்கே பார்த்தது, சாயங்காலம் வெயில் வரும்.

போன மாதம் திடீரென்று பேச்சு மறைவதை நீ நிறுத்திவிட்டாய் என்று ஆப்பில் அறிவிப்பு வந்தது. நம் பேச்சைச் சேர்த்துவைக்க இவளுக்கு ஆசை போல என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பல் இப்போது பரவாயில்லை. இரும்புப் பல் என்று வாய்க்கொழுப்பாகப் பேசினேன் அல்லவா, மே மாதம் பிடித்த வலி. வேரைச் சுத்தம் செய்து மூடி போட்டுவிட்டார்கள். நீ மறக்காமல் நாலு தடவை விசாரித்தாய். அம்மா இருந்திருந்தால்கூட இப்படி விசாரித்திருக்கமாட்டாள்.

உடனே பதில் எழுது.
அண்ணன்


ஜூன் 20

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை. முதலாளியம்மா கதவருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் வந்துவிடுகிறாரா என்று. இப்போது காலையில் கொண்டுவந்து விடுவதும் சாயங்காலம் அழைத்துப்போவதும் அவர்தான்.

பத்தாம் தேதி தன் போனில் சார்ஜ் இல்லை என்று என் போனை எடுத்து ஏதோ கூட்டல் போடப் போனார். அதில் இரண்டு கால்குலேட்டர் இருந்தது. தொட்டது நம்முடையதை. அது கடவுச்சொல் கேட்டது. "கூட்டல் போட எந்த ஊர்லடி பாஸ்வேர்ட் கேக்கும்?" என்று கேட்டார். கத்தவில்லை. குட்டியை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "அம்மாவைத் திறக்கச் சொல்லு" என்றார். நான் திறந்தேன்.

இப்போது அது அவர் கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. நீ எழுதுவதெல்லாம் எனக்கு வருவதற்கு முன் அவருக்கு வருகிறது. மறைவதை அவர்தான் நிறுத்தினார். வழக்கம்போல் பேசு, நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் கிளம்பப்போவது அவருக்கு இன்னும் தெரியாது. பழையதெல்லாம் மறைந்துவிட்டது, அது ஒன்றுதான் புண்ணியம்.

பல்வலி எப்படி இருக்கு என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். முதல் தடவை, வீக்கம் வடிந்தது என்றாய். இரண்டாவது தடவை, டாக்டர் ரொம்ப நல்லவர் என்றாய். மூன்றாவது தடவை மூடியின் நிறத்தைச் சொன்னாய். மே மாதம் உனக்கு வலி வந்தபோதே வேறு வார்த்தை மாற்றியிருக்க வேண்டும். எனக்கும் தோன்றவில்லை. உன் வலியைக் கேட்டு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

இது கையில் கிடைக்கும்வரை நீ தேதி எதையும் எழுதிவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். மறுபடியும் கேட்பேன். நீ புரிந்துகொள்ளும்வரை கேட்பேன்.

உன் வாலு


ஜூலை 12

வாலு,

உன் ஜூன் மாதக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் எல்லாவற்றையும் எழுதி அனுப்பியது ஜூன் 28. எட்டாம் தேதி கடிதத்திலும் அதையே பெருமையாக எழுதியிருக்கிறேன். அது உன் கைக்கு வந்தால் படிக்காதே.

நாலாவது தடவை நீ கேட்டது இருபத்தேழாம் தேதி. அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? "இப்ப கடிச்சா வலிக்கலை" என்று எழுதினேன். மறுநாள் உன் பயணத்தை அப்படியே மாப்பிள்ளை மடியில் கொண்டுபோய்ப் போட்டேன். விலாசத்தோடு போட்டேன். ஜன்னல் எந்தத் திசை என்பதுவரை போட்டேன்.

பூட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "ஆப்ல தப்பே இல்லையே" என்றார். அடிக்கத் தோன்றியது. அவர் சொன்னது நிஜம். தப்பு செய்தது நான். வார்த்தையைக் கண்டுபிடித்தவனும் நான், மறந்தவனும் நான். நீ கிணற்றுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தாய், நான் மேலே நின்று வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

எப்படி இருக்கிறாய்? குட்டி எங்கே? போலீசுக்குப் போகட்டுமா? ஒரே ஒரு வரி எழுது. இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 6

ஐயா அவர்களுக்கு,

உங்கள் தங்கை வேலை பார்த்த லாண்டரியின் உரிமையாளர் எழுதுவது. நானும் கடையில் உள்ளவர்களும் நலம். நீங்கள் நலமாக இருக்கமாட்டீர்கள் என்று தெரியும். அவளுக்கு நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் பிரிக்கப்படாமல் என் இழுப்பறையில் இருக்கின்றன. அவளிடம் சேர்க்க முடியாததால் நானே எழுதுகிறேன்.

ஜூன் கடைசியிலிருந்து அவள் வரவில்லை. அவள் கணவர்தான் வந்தார். அவளுடைய வேலை அங்கியைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். "அவங்க அண்ணன் ரெண்டு ரூம் வீடு பார்த்திருக்கார். மேற்குப் பார்த்த ஜன்னலாம், சாயங்காலம் வெயில் வருமாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டு வாரம் முன்பு மருந்துக்கடையில் அவளைப் பார்த்தேன். தனியாக இருந்தாள். குழந்தையை அவர் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறாராம், வேறு ஊர். பாஸ்போர்ட்டும் அங்கேதானாம். "போலீசுக்குப் போகலாம்மா, நான் வரேன்" என்றேன். "குட்டி அவர் கையில இருக்கா, வேணாம்மா. நான் ஒழுங்கா இருந்தா மாசத்துக்கு ஒரு தடவை காட்டறேன்னு சொல்லியிருக்கார்" என்றாள். கையில் கட்டு போட்டிருந்தது. இந்த முறை வழுக்கியது என்று சொல்லவில்லை.

உங்களிடம் ஏதாவது சொல்லட்டுமா என்று கேட்டேன். "அண்ணா மேல தப்பில்லைன்னு சொல்லுங்க" என்றாள்.

அவளை நல்லபடியாகப் பார்க்கக் கடவுள் வழிகாட்டட்டும்.


ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு நான், அவர், குட்டி அனைவரும் நலம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

குட்டி என் மாமியார் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அங்கே தோட்டம் இருப்பதால் அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் வேலையை விட்டுவிட்டேன். வீட்டிலேயே நேரம் போதவில்லை. முன்பு ஏதோ மனக்குழப்பத்தில் உங்களுக்குச் சிலவற்றை எழுதிவிட்டேன். அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். உங்களுக்கு வீண் அலைச்சல் கொடுத்ததற்கு அவரும் வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முதுகு எப்படி இருக்கிறது? உங்கள் அறை நண்பர் சுகமா? வேலையில் கவனமாக இருக்கவும். போன் இப்போது என்னிடம் இல்லை. அவசியம் என்றால் அவருக்கு எழுதலாம்.

இப்படிக்கு,
தங்கை


செப்டம்பர் 15

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நீங்களும் கடையில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும். என் தங்கைக்கு இன்று அந்த ஊரில் இருக்கிற ஒரே ஆள் நீங்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவளிடமிருந்து கடிதம் வந்தது. அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டவள் "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாள். யார் பக்கத்தில் நின்றார் என்று கேட்கத் தேவையில்லை. முழங்காலைக் கேட்டிருக்கிறாள், முதுகைக் கேட்டிருக்கிறாள், பூட்டுப் போடுகிற மனுஷனைக்கூடக் கேட்டிருக்கிறாள். பல்லை மட்டும் கேட்கவில்லை.

கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. ஓரத்தில், மடிப்பில், உறையின் உட்பக்கத்தில்கூடத் தேடினேன். இல்லை அம்மா. இந்த அண்ணனிடம் கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டாள். என் மேல் தப்பில்லை என்று உங்களிடம் சொன்னாளே, அதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேற்கு ஜன்னல் அறையை அப்படியே வைத்திருக்கிறேன். வேலையில் விடுப்பு கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன். அவர் வீட்டு வாசலில் நின்று என்ன செய்ய முடியும், குட்டி இருக்கிற ஊருக்குப் போய் என்ன செய்ய முடியும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு வக்கீலைக் கேட்டிருக்கிறேன், அவர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் வருகிறேன்.

அதற்குள் அவளை எங்கேயாவது பார்த்தால், மருந்துக்கடையோ தெருவோ, பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை, சாதாரணமாக ஒன்று சொல்லுங்கள். உங்க அண்ணனுக்குப் பல் இன்னும் வலிக்குதாம், மூடி போட்டும் தீரலையாம் என்று சொல்லுங்கள். ஒரு தடவை விசாரிக்கச் சொன்னார் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவள் அண்ணன்